மந்திரிக்கு வெள்ளையன் சொன்ன பதில்

கொல்லிமலையின் எடப்புளி நாட்டில் வெள்ளையன் என்றால் தோள் என்று அர்த்தம். நிலம் என்று பார்த்தால் சாமை விதைக்க இரண்டு சரிவு, மிளகுக்கொடி ஏறிய நாலு மரம், அவ்வளவுதான். ஆனால் டோலி தூக்க ஆள் வேண்டுமென்றால் மலையில் எந்த மூலையிலிருந்தும் அவனுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் முன்தண்டு பிடிப்பவனுக்குப் பொறுப்பு அதிகம். கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பின்னால் வருகிறவர்களுக்கு அவன்தான் சொல்ல வேண்டும். ‘கல்லு’, ‘வழுக்கு’, ‘எறக்கம்’ என்று வெள்ளையன் குரல் கொடுத்துக்கொண்டே போனால் பின்தண்டுக்காரன் கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்பார்கள். ஊரார் சொன்னதைவிட இதை அவனே சொன்னதுதான் அதிகம். நல்ல மனுஷன்தான், தோளைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் அடுப்பில் இருக்கிற சோறு குழைந்துபோகும்.

யுத்தத்துக்கு முந்தின வருஷம் வைகாசியில் மந்திரி ஒருவர் மலைக்கு வந்தார். சட்டசபையில் யாரோ ஓர் அங்கத்தினர் கொல்லிமலையைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். மலைக்காரர்களின் வீடுகள் எப்படி இருக்கின்றன, நோய் வந்தால் என்ன செய்கிறார்கள், பிள்ளைகள் படிக்கிறார்களா என்று. சென்னையில் உட்கார்ந்தபடியே நாலு வரி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். இவரோ நேரில் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார். அதனாலேயே அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு நாற்காலியை மூங்கிலில் கட்டி எட்டுப் பேர் தூக்கினார்கள். நாலு பேர் சுமக்க, நாலு பேர் தோள் மாற்ற. முன்தண்டு வெள்ளையன். மந்திரி இரண்டு நாள் மலையில் தங்கினார். போன வீட்டிலெல்லாம் பலாச்சுளையும் தேனும் வைத்து உபசரித்தார்கள். மூன்றாம் நாள் இறங்கும்போதுதான் அவர் வெள்ளையனிடம் பேச்சுக் கொடுத்தார். அதிகாரிகள் எல்லாம் பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்ததால் பக்கத்தில் பேச வேறு ஆள் இல்லை.

“ஏம்ப்பா, மழை பெய்தால் உங்கள் வீடு ஒழுகுமா?”

“ஒழுகாதுங்க சாமி. புல்லு வேஞ்ச ஊடு, உள்ள குளுகுளுன்னு இருக்கும்.”

போன ஐப்பசியில் அவன் வீட்டுக்குள் மூன்று சட்டி வைத்து ஒழுக்கைப் பிடித்திருந்தார்கள்.

“பிள்ளைகளைப் படிக்க அனுப்புவீர்களா?”

“அதுகளுக்கு மாடு மேய்க்கவே நேரம் பத்தாதுங்க.”

இதை வைத்து அவனைப் புளுகன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வந்தவர் முன்னால் வீட்டுக் குறையைச் சொல்வது கையேந்துவதற்குச் சமம் என்று மலையில் ஒரு வழக்கம். விருந்தாளி நலம் விசாரித்தால், முந்தின நாள் மாடு செத்திருந்தாலும் ‘ஒரு கொறையும் இல்லீங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். மந்திரியும் விருந்தாளிதானே.

காரவள்ளியில் இறக்கி வைத்ததும் மந்திரி சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். “மூன்று மணி நேரம்கூட ஆகவில்லையே. நோயாளிகளையும் இப்படித்தான் கொண்டுவருவீர்களா?”

அதற்கு வழக்கம் பதில் சொல்லவில்லை, தோள் சொன்னது. “இதவிடச் சுருக்கா வந்துருவமுங்க.”

மந்திரியோடு வந்த குமாஸ்தா அதையும் குறித்துக்கொண்டார்.

ஆடி பிறந்து சில நாள் கழித்து வெள்ளையன் மிளகு மூட்டையோடு காரவள்ளிக்கு இறங்கினான். அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் அர்த்தனாரி வாத்தியார் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பத்திரிகையைப் பிரித்தார். மந்திரி சட்டசபையில் பதில் சொல்லிவிட்டார். மலைவாசிகள் தங்கள் வீடுகளில் திருப்தியாக இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் வேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லை. நோயாளிகளை மூன்று மணி நேரத்துக்குள் அடிவாரத்துக்குக் கொண்டுவந்துவிட முடிகிறபடியால் மலைமேல் வைத்தியசாலைக்கு இப்போது அவசியம் இல்லை.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். வெள்ளையனுக்கோ தலைகால் புரியவில்லை. அவன் தோளின் பெருமை சென்னைப் பட்டணத்துச் சபையில் ஏறிவிட்டது. மலை ஏறும்போது அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் அவன் மனைவி பெருமாயி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் சொன்னான். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஏனுங்க, என்னையத் தூக்கிட்டுப் போனீங்களே, அன்னைக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?”

அது மூன்று வருஷத்துக்கு முந்தின கதை. இரண்டு நாள் வலி எடுத்தும் பிள்ளை பிறக்கவில்லை என்று, கம்பளியை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி அவளை அதில் கிடத்தி இறங்கினார்கள். அன்றைக்கு எத்தனை நேரம் ஆயிற்று என்று அவன் எண்ணிப் பார்த்ததே இல்லை. எண்ணிப் பார்க்க அவனுக்குப் பயம்.

அவள் எண்ணி வைத்திருந்தாள். “கோழி கூப்புடப் பொறப்பட்டம். மொத ஓடையத் தாண்டறப்ப வெயிலு வந்துச்சு. உச்சிப்பொழுதுக்கு மழ புடிச்சுக்கிச்சு, பாறையடியில எறக்கி வெச்சீங்க. அங்கதான் அவ பொறந்தா. ஒருக்கா அழுதா, அவ்வளவுதான். நாம காரவள்ளி போய்ச் சேர்றப்ப வெளக்கு வெச்சுட்டாங்க.”

அந்தக் குழந்தையைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அவன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“உங்க தோளக் கொற சொல்லலீங்க. நீங்க அலுங்காமத்தான் தூக்குனீங்க, எனக்குத் தெரியாதா? மந்திரிய எட்டுப் பேரு தூக்குனீங்க, என்னைய நாலு பேரு. அவருக்கு வலியும் இல்ல.” முறத்தைப் பார்த்தபடியே சொன்னாள். “இப்ப மறுபடியும் மூணு மாசம்.”

வேறொரு நாளாக இருந்தால் அந்தச் செய்தியை அவன் நாடு முழுக்கத் தம்பட்டம் அடித்திருப்பான். அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மலைக்கு வைத்தியம் பார்க்க ஆள் வராமல் போனால் தை மாதம் மறுபடி அதே பாதை, அதே பாறை. வருகிற ஆளைத் தன் வாயாலேயே தடுத்துவிட்டோமே என்று அவன் தன்னையே நொந்துகொண்டான்.

மறுநாள் விடிந்ததும் வாத்தியார் முன்னால் போய் நின்றான். “நாஞ் சொன்னது பொய்யின்னு மந்திரிக்கு எழுதுங்கய்யா.”

“‘தவறுதலாகச் சொல்லிவிட்டேன்’ என்று எழுதுகிறேன், வெள்ளையா. அது போதும்.”

“வேண்டாமுங்க. தவறிப் போயிச் சொல்லல, பவுசுக்குச் சொன்னேன். அப்படியே எழுதுங்க. ஊடு ஒழுகுதுன்னு எழுதுங்க. பள்ளிக்கூடம் இல்லாமத்தான் புள்ளைக மாடு மேய்க்குதுன்னு எழுதுங்க. பெருமாயி சொன்னத ஒண்ணு விடாம எழுதுங்க.”

கோழி கூப்பிட்டதிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் வாத்தியார் விரல்விட்டு எண்ணினார். பதின்மூன்று மணி நேரம் வந்தது. மனுவை மந்திரிக்கு ஒன்று, கேள்வி கேட்ட அங்கத்தினருக்கு ஒன்று என்று இரண்டாக எழுதினார். வெள்ளையன் இரண்டிலும் பெருவிரலை அழுத்தி வைத்தான்.

விஷயம் மலைக்குத் தெரிந்தபோது பலருக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் அவனுக்குப் பின்தண்டு பிடித்த கருப்பண்ணனே சண்டைக்கு வந்துவிட்டான்.

“நம்ம ஊட்டுல தேன் தின்னுட்டுப் போன மனுசங்கிட்ட ஊடு ஒழுகுதுன்னு எழுதுனியா? நம்மளப் பிச்சக்காரனுங்கன்னு நெனைக்க மாட்டாங்களா?”

“நெனச்சா நெனைக்கட்டும்.”

“அப்ப இனி உன் தோளுக்குப் பின்னால நான் வரமாட்டேன், போ.”

அதற்குப் பிறகு டோலிக்கு அவனைக் கூப்பிடுவது குறைந்துபோயிற்று. ஒரு காலத்தில் இதைக் கேட்டால் வெள்ளையனுக்குச் சோறு இறங்கியிருக்காது. இப்போது அவன் காதில் அது ஏறவே இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை காரவள்ளிக்கு இறங்கி, பத்திரிகையில் ஏதாவது வந்ததா என்று கேட்டுவிட்டு ஏறினான். ஆவணி போயிற்று, புரட்டாசியும் பாதி போயிற்று. பெருமாயிக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. அவன் தண்ணீர்க் குடத்தைக்கூட அவளைத் தொடவிடுவதில்லை. “நீங்க இப்படிப் பாத்துக்கிட்டா நான் நடக்கறதையே மறந்துருவேன்” என்று அவள் சிரித்தாள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் வாத்தியார் அவனைத் தூரத்தில் பார்த்ததுமே பத்திரிகையை எடுத்துவிட்டார். அந்த அங்கத்தினர் மறுபடி கேள்வி போட்டிருந்தார். மந்திரி எழுந்து, முன்கூட்டத்தில் தாம் கொடுத்த பதில் தவறு என்று சொல்லியிருந்தார். வாத்தியார் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ‘மூன்று மணி நேரம் என்பது நோய்நொடி இல்லாத என்னை எட்டுப் பேர் சுமந்து வந்த நேரம். பிரசவ வேதனையில் இருந்த ஒரு பெண்ணை நாலு பேர் சுமந்து இறங்கப் பதின்மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. வழியில் பிறந்த அவளுடைய பெண் குழந்தை இறந்துவிட்டது. டிசம்பர் மாதத்திலிருந்து ஒரு கம்பவுண்டரும் ஒரு நர்ஸும் மலைமேலேயே தங்குவார்கள். வீடுகளும் பள்ளிக்கூடமும் பரிசீலனையில் இருக்கின்றன.’

“பரிசீலனைன்னா என்னங்கய்யா?”

“யோசிக்கிறாங்களாம்.”

“யோசிக்கட்டுமுங்க. ஊடு இன்னொரு மழையத் தாங்கும்” என்றான் வெள்ளையன்.

அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே வாத்தியாரை மூன்று தடவை வாசிக்கச் சொல்லி, சொற்களை மனசில் ஏற்றிக்கொண்டு மலை ஏறினான். வழி முழுக்க ஒரு சொல்லும் சிந்திவிடாமல் வந்து பெருமாயியிடம் ஒப்பித்தான். நர்ஸ் வருவதைக் கேட்டு அவள் முகம் மலரும் என்று நினைத்தான். அவள் கேட்டது வேறு.

“பொண்ணுன்னு சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

“சபையிலயா?”

“சபையிலதான், பெருமாயி. அத்தன பேரு முன்னாலயும்.”

பேர்கூட வைக்காமல் பாறையோரம் புதைத்த பிள்ளை அவள். அப்படி ஒருத்தி பிறந்தாள் என்பதைப் பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் சொன்னதில்லை. பெருமாயி அவன் தோளில் முகத்தை வைத்து வெகுநேரம் அழுதாள். அதுவரை அழாமல் வைத்திருந்த அழுகை.

மார்கழி முதல் வாரத்தில் கம்பவுண்டரோடு ருக்குமணி என்ற நர்ஸம்மா மலைக்கு வந்தார். டோலி வேண்டாம் என்று சொல்லி, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நடந்தே ஏறி வந்தவர். வந்த கையோடு கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்.

தை பத்தாம் நாள் காலையில் பெருமாயிக்கு வலி எடுத்தது. நர்ஸம்மா உள்ளே போனார். இருந்தாலும் வெள்ளையன் மனசு கேட்கவில்லை. மூங்கிலை எடுத்துக் கம்பளியைக் கட்டி வாசலில் வைத்தான். பின்தண்டுக்கு ஆள் வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது கருப்பண்ணன் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். “சண்ட வேற, இது வேற” என்று மட்டும் சொன்னான். நாலு பேரும் தலைப்பாகையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். உள்ளே பெருமாயி கத்தும்போதெல்லாம் வெள்ளையன் எழுந்து தண்டைப் பிடித்தான். கருப்பண்ணன் அவனை இழுத்து உட்காரவைத்தான்.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் குழந்தை அழுதது. ஒரு தடவையோடு நிற்கவில்லை. நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். அது பாட்டுக்கு அழுதுகொண்டே இருந்தது.

நர்ஸம்மா கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். “பொம்பளைப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.” அப்புறம் மூங்கிலையும் நாலு பேரையும் பார்த்துவிட்டு, “இதுக்கெல்லாம் இங்க வேலை இல்லீங்க. நீங்க போயிச் சாப்பிடுங்க” என்றார்.

இந்தத் தோளுக்கு வேலை இல்லை என்று வெள்ளையனிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவன் வாசலிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதான். கருப்பண்ணன் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.