இரண்டாவது கட்டில்

நான் படித்த நாவலில், பாழடைந்த பங்களாவில் இரண்டு பெண்கள் காதலிக்கிறார்கள். ஒருத்தி செத்துப் பேயாக வந்த பிறகுதான் எழுத்தாளர் அவர்களைக் கட்டியணைக்க விடுகிறார். படித்து முடித்ததும் எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உயிரோடு இருக்கும்போதே விட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

ஜவ்வாது மலைக்கு டீச்சர் வேலைக்கு வந்த நாங்கள் இரண்டு பெண்களும் ஆறு வருஷமாக ஒரே அறையில் வாழ்கிறோம். பங்களாவும் இல்லை, ரகசியக் கதவும் இல்லை. இருக்கிற ஒரே கதவும் பகலெல்லாம் திறந்தே கிடக்கும்.

மழை விடாமல் பெய்த அன்று, புளி கொடுக்க வந்த பக்கத்து வீட்டம்மா என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"இன்னா கதைங்க டீச்சர்?"

"பேய்க்கதை" என்றேன்.

"அதெல்லாம் இன்னாத்துக்குப் படிக்கிறீங்க?" என்றவர், அடுப்படியில் நின்றவளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "அக்கா தங்கச்சின்னா உங்க ரெண்டு பேரு மாதிரி இருக்கணும்."

வீடு கிடைப்பதற்காக முதல் நாள் நாங்கள் சொன்ன பொய் அது. நாவல் முழுக்க வராத பயம் அப்போதுதான் வந்தது.

அவர் வெளியே செருப்பு மாட்டுவதற்குள், யாரும் படுக்காத இரண்டாவது கட்டிலின் போர்வையைக் கொஞ்சம் கசக்கிவிட்டேன்.