சவரத்துக்கு நடுவே ஒரு சமாதானம்

சவரத் தொழிலில் கையைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். இரண்டு பேருக்கு நடுவில் சமாதானம் பேசப் போய், இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், என் பக்கத்தில் உட்காருங்கள். காஞ்சிபுரத்துக்குள் சலூன் வராத காலம் அது. பிள்ளையார்பாளையத்துக் குளக்கரையில் புங்கமரத்தடி என் இடம். விடியற்காலையில் தண்ணீர்மேல் பனி நிற்கும். எதிர்த்தெருவில் நெசவாளர்கள் தறிக்காக நீளமாக இழுத்துக் கட்டிய பட்டுப் பாவு நூல் அந்தப் பனிக்குள் மிதக்கும். நானே பாதிக் கனவில்தான் கத்தியைத் தீட்டுவேன்.

தூக்கத்தில் ஒரு பேர்

மாணிக்க முதலியாரும் அவர் மச்சான் ஏகாம்பரமும் ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பதினைந்து வருஷம் நெய்தவர்கள். ஒரு புடவையில் உடலும் கரையும் சேரும் இடம் பிசகிவிட்டது. நீ இழுத்தாய், நீ விட்டாய் என்று ஆரம்பித்துப் பேச்சே நின்றுபோய் எட்டு மாதம். இதற்குள் மாணிக்கத்தின் பெண் செல்லம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாயில்லாப் பெண். தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாவிட்டால் மணையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்பாவோ அவரைக் கூப்பிடப் போகமாட்டார்.

கன்னத்தில் வெந்நீர் பட்டதும் மனிதர்களுக்குக் கண் சொருகிவிடும். ஒரு புதன்கிழமை மாணிக்கத்துக்கும் சொருகியது. தூக்கத்திலேயே முணுமுணுத்தார்: "ஏகாம்பரம், மெதுவா வுடுப்பா, இழை அறுந்துடப் போவுது."

ஒரு பிடி அதிகம்

ஏகாம்பரம் வெயில் ஏறின பிறகுதான் வருவார், மச்சான் முகத்தில் விழிக்கக் கூடாதாம். அவருக்குச் சவரம் செய்துகொண்டே, கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "உங்களை நெனச்சி அழுதாருங்க" என்று ஒரு பிடி சேர்த்துவிட்டேன். பாதி முகம் சிரைத்திருக்கும்போதே அவர் எழுந்து துண்டை உதறினார். "எங்க அக்கா செத்தப்பவே அழாத மனுசன் அவரு. புளுகறதுக்கும் ஒரு அளவு இருக்குதுப்பா!"

அசையக் கூடாது

பாதி முகத்தோடு ஒருவர் எத்தனை நாள் நடமாட முடியும்? மறுநாள் விடியும்போதே வருவார் என்று எனக்குத் தெரியும். அதனால் அன்று சாயங்காலமே மாணிக்கத்தின் வீட்டுக்குப் போய், காதோரம் சிரைக்காம ஒரு திட்டு விட்டுப்போச்சு என்று சொல்லி அவரையும் விடியற்காலையில் வரச் சொன்னேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பனிக்குள்ளிருந்து ஏகாம்பரம் வந்தபோது, என் கத்தி மாணிக்கத்தின் தொண்டையில் இருந்தது. "அசையாதீங்கய்யா" என்றேன். காதோரத் திட்டுக்குத் தொண்டையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அவர் கேட்கவில்லை.

ஏகாம்பரம் எட்டு மாதத்துக் கோபத்தையும் கொட்டினார். "அந்தப் பொண்ணைத் தோள்ல தூக்கிக்கினு திரிஞ்சவன் நானு. முகூர்த்தம் வெச்சதை ஊரார் சொல்லி நான் கேக்கணுமா? இதுல எனக்காக அழுதாராம்!"

மாணிக்கத்தின் கண் மட்டும் அசைந்தது. அவரை எழுப்பிவிட்டு மற்றவரை உட்கார்த்தினேன். பாதி முகத்தோடு திரும்பிப் போக முடியாமல் அவரும் உட்கார்ந்தார். இப்போது அவர் தொண்டையில் கத்தி, பேச வேண்டியவர் மாணிக்கம். அவரோ குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பனி கலைந்து எதிரே பாவின் சிவப்பு தெரியத் தொடங்கியது. அந்தப் பெண்ணின் கல்யாணமே அவர் வாயில் இருந்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "நான் அழலப்பா. பக்கத்துல உன் எடம் காலியா கெடக்குது, அதைப் பாக்காம நெய்யறதே பெரும்பாடா இருக்குது."

மணையில்

முகூர்த்தத்தன்று ஏகாம்பரம்தான் பட்டம் கொண்டுவந்தார். செல்லம்மாவின் நெற்றியில் வைத்துக் கட்டும்போது நூல் நழுவியது, முடிச்சு விழவில்லை. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன். மாணிக்கம் பக்கத்தில் போய் நூலின் ஒரு நுனியைப் பிடித்தார். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கிடையாது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "நான் புடிச்சிக்கினு இருக்கறேன், நீ முடிச்சு போடுப்பா."

நடுவில் நின்ற உங்களுக்குத் தெரியாததா, அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள ஆரம்பித்த நாளிலிருந்து என்னிடம் பேச அவர்களுக்கு ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை.