கந்தூரிக் கத்தரிக்காய்

இன்று காலை சட்டையின் கைமடிப்பில் சிவப்பாக ஒரு புள்ளி நகர்ந்தது. சட்டையைக் கழற்றி முற்றத்தில் எறிந்தேன். விழுந்த இடத்தில் பூச்செடி நிற்பதைக் கண்டு, ஓடிப்போய் மறுபடி எடுத்தேன். "எறும்பு ஒண்டுக்கு இவ்வளவு கூத்தா?" என்றாள் மனைவி. எறும்புதான். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் சிற்றுண்ணி தேடித் திரிந்தவனுக்குச் சிவப்புப் புள்ளியெல்லாம் ஒன்றுதான்.

அப்போது விவசாயக் கந்தோரில் எனக்குப் புது வேலை. எந்தச் செடியில் எந்தச் சிற்றுண்ணி சாறு குடிக்கிறது என்று கரையோரம் முழுக்கப் பார்க்க வேண்டும். இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினால் தூசி விழும். தூசி நடந்தால் அதுதான் ஆள். அந்த இலையைப் பறித்துத் துணிப்பையில் போட்டு, பையைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு அடுத்த வளவுக்குப் போவேன். பெரியநீலாவணையில் பப்பாசி, மருதமுனையில் ஆமணக்கு. வெயிலில் வாடிய பப்பாசி இலையின் மணம் எனக்கு அப்போது உத்தியோகத்தின் மணம்.

சாய்ந்தமருதில் ஆசியா மாமியின் வளவு வரும். உறவில்லை, தேத்தண்ணி தருவார், அதனால் மாமி. மணலில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கத்தரி வளர்த்திருந்தார். முதல் காய்ப்பு முழுவதும் பள்ளிவாசலில் ஊருக்கே ஆக்கிப் போடும் கந்தூரிச் சோற்றுக்கு என்று நேர்ந்து நிய்யத்து வைத்திருந்தார். "நல்லாப் பாருங்க மனே, கந்தூரிக்குக் குடுக்கிற" என்பார். ஒருமுறை, கத்தரிக்குச் சளி பிடித்துத் தடிமல் என்று பகிடிக்குச் சொல்லி அவரைக் கொத்தமல்லி அவிக்க வைத்தேன். உண்மையில் செடிகளில் ஒரு குறையும் இல்லை. செடிக்கு முட்டுக் கொடுத்த கம்பில் பையைக் கொழுவிவிட்டுத் தேத்தண்ணி குடிப்பேன்.

கந்தூரி நெருங்கும்போது இலைகள் வெளிறின. நுனியெல்லாம் நூலாம்படை. பூக்கள் உதிர்ந்தன.

அதே கிழமை, சிற்றுண்ணி கண்ட இடமெல்லாம் நான் புள்ளி வைத்திருந்த படத்தைக் கந்தோரில் பெரியவர் விரித்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்து மனிதர்.

"ஐசே, இது பூச்சி போன வழியோ, நீர் சைக்கிளில போன வழியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அன்று மாலை தோல் உரியக் குளித்தேன், உடுத்திருந்த சாரத்தை வெந்நீரில் அவித்தேன். இந்தச் சாதிச் சிற்றுண்ணி மனிதரைக் கடிக்காது என்று அறிக்கையில் எழுதியவனும் நான்தான், விடியும்வரை சொறிந்தவனும் நான்தான்.

மறுநாள் போனபோது மாமி காய்ந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்ட நிய்யத்துல என்னமோ குறை இரிக்கி மனே. அல்லாஹ் ஏத்துக்கல்ல."

"இல்ல மாமி. அது என்ட பையில வந்த பூச்சி. நான்தான் கொண்டுவந்த."

நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "கொத்தமல்லி அவிக்கச் சென்ன ஆள்தானே நீங்க. என்ட மனச ஆத்துறத்துக்குச் செல்லுறீங்க. இரிங்க, தேத்தண்ணி ஊத்துறன்."

சத்தியம் பண்ணினேன். அதற்கும் சிரித்தார்.

அதன் பிறகு கந்தூரிக்கு மாமி சந்தைக் கத்தரிக்காயைத்தான் வாங்கிக் கொடுத்தார். தன் கையால் வளர்த்ததைக் கொடுக்கவேயில்லை, மவுத்தாகிக் கண் மூடும்வரை.

அந்த வளவில் இப்போது சுவரோடு சுவராக வீடுகள். மணல்கூட இல்லை, எல்லாம் சீமெந்து. கத்தரி நின்ற இடம் யாருக்கும் தெரியாது. பை தொங்கிய கம்பு நின்ற இடம் எனக்குத் தெரியும்.