காவல்காரன் சீட்டு

புதூர்ப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கோவில்பட்டிக்கு வந்து தீப்பெட்டி ஆபீஸில் பசை காய்ச்சினேன், லேபிள் வெட்டினேன், கடைசியில் லேபிள் அடிக்கிற அச்சகத்தையே சொந்தமாகப் போட்டேன். கரிசல் மண்ணில் பெரிய கட்டடம் நிற்காது, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்போது சுவரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும் என்றார்கள். ஆள் உயரத்துக்கு மேல் தோண்டி, கரிசலை அள்ளி வெளியே கொட்டி, சரள் நிரப்பி எழுப்பினேன். இன்றுவரை ஒரு கீறல் கிடையாது, வந்து பார்த்துக்கொள்ளலாம். மகனை எஞ்சினியர் ஆக்கினேன். இதற்கெல்லாம் ஊரில் சாட்சி உண்டு. சாட்சி இல்லாத ஒரு வேலையும் செய்திருக்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் மருமகள் கோயம்புத்தூர்க்காரி. கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன காலத்தில் மகனும் அவளும் பெங்களூரை விட்டு இங்கே வந்து இருந்தார்கள். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு நான் டி.வி.யைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் கிடந்த வீடு அது. மருமகள் வந்து டி.வி.யை அணைத்தாள். "ஏனுங்க மாமா, யாருக்கு ஓடுது இது?" என்றாள். அதிலிருந்து வீட்டில் மனுஷக் குரல் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஷின் ஓடாது. அச்சகத்துக் கட்டிங் மேசையைச் சுற்றி அவர்களும், பெங்களூரிலிருந்து வந்து தங்கியிருந்த கூட்டாளிகள் இரண்டு பேரும் உட்கார்ந்துகொள்வார்கள். ஒரு விளையாட்டு. கட்டம் கிடையாது, காய் கிடையாது. மருமகள் ஒரு கதையை ஆரம்பிப்பாள். ஒருவன் திருடன், ஒருத்தி வைத்தியக்காரி என்று ஆளுக்கொரு வேஷம். வழியில் எதிர்ப்படுகிற ராஜா, சத்திரக்காரி எல்லோருக்கும் மருமகள்தான் குரல். பூட்டு திறக்குமா, குதிரை தாண்டுமா என்பதைப் பகடை சொல்லும். இப்போது பேசுவது யார் என்று தெரிவதற்காக, அந்த ஆளின் முகம் வரைந்த சீட்டை எடுத்து முன்னால் நிறுத்துவாள். அவளே வரைந்து சாதாரணத் தாளில் பிரிண்ட் எடுத்தது. ஃபேன் காற்றுக்கு ராஜா அடிக்கடி தரையில் கிடந்தார்.

"இது சீட்டா தாயி? காயப்போட்ட வத்தல் மாதிரில்லா சுருண்டு கெடக்கு" என்றேன்.

"அப்ப நீங்களே அடிச்சுக் குடுங்க மாமா."

முகம் அடிப்பதில் எனக்குச் சொல்லித்தர ஆள் கிடையாது. எழுத்துத் தெரியாதவன் கடையில் படத்தைச் சொல்லித்தான் தீப்பெட்டி கேட்பான். அந்தச் சின்னப் பெட்டியில் மயில் என்றால் எட்ட நிற்கிறவனுக்கும் மயில் என்று தெரிய வேண்டும். "கழுத்துக்குக் கீழ எதுக்கு இம்புட்டு நகை? மூஞ்சியப் பெரிசாப் போடு. ராஜா கூட்டத்துக்குப் பின்னால ஒரு கலரு, திருட்டுப் பயலுவளுக்கு ஒரு கலரு" என்றேன். அவள் எல்லா முகத்தையும் திரும்ப வரைந்தாள். நல்ல கனத்த அட்டையை நான் எடுத்தேன். முதலில் மாதிரிக்கு என்று கோட்டைக் காவல்காரன் படம் ஒன்றைக் கொடுத்தாள். மீசை, தலைப்பாகை, நேராகப் பார்க்கிற கண்.

லேபிளில் மயில் மார்க் என்றால் தாள் முழுக்க மயிலையேதான் அடிப்போம். என் கைக்கு வேறு பழக்கம் இல்லை. பிளேட் முழுக்கக் காவல்காரனை நிரப்பி ஓட்டிவிட்டேன். மருமகள் வந்து பார்த்தபோது கட்டுக்கட்டாகக் காவல்காரன்.

மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏம்ப்பா, ஒரு கோட்டைக்கு எத்தன காவல்காரம்ப்பா? ராஜாவயே உள்ள விடமாட்டானுவ போலயே!"

"லேபிள்னா அப்படித்தாம்ல அடிப்பாவ" என்றேன். எனக்கு முகம் செத்துப்போயிற்று.

மருமகள் சிரிக்கவில்லை. அந்தச் சீட்டுகளை எடுத்து மேசை நெடுக ஒவ்வொன்றாக நிறுத்தினாள். "கோட்டையில இருந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. எந்த வாசலுக்குப் போனாலும் இவரு ஒருத்தர்தான் நிக்கறாரு" என்று கதையை மாற்றிவிட்டாள். ஒரு சீட்டை என் கையில் வைத்தாள். "இவரு நீங்கதான் மாமா, உக்காருங்க."

"எனக்கு என்ன தாயி தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாமுங்க. சீட்டை முன்னால வெச்சுட்டுப் பேசுங்க. பேசறது அவருதான்."

மகன் திருடன். முதல் வாசலுக்கு வந்தான். "யாருல நீ?" என்று ஓர் அதட்டு அதட்டினேன். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அடுத்த வாசல், அதற்கடுத்த வாசல், எங்கேயும் நான். கடைசி வாசலில் அவன் பகடையை உருட்டாமல் கேட்டான். "ஓய் காவல்காரரே, உள்ளதான் ஒரு ஈ காக்கா இல்லியே. நீரு எதுக்கு இன்னும் நிக்கீரு?"

நானாகப் பேசியிருந்தால் கோட்டையைக் கட்டின பெருமையைச் சொல்லியிருப்பேன். கையில் சீட்டு இருந்தது. "நீங்க திரும்பி வந்தா, கதவத் தொறக்க ஒரு ஆள் வேணும்லா" என்றேன்.

மகன் என்னைப் பார்க்கவில்லை, சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் மெதுவாக, "இன்னொருக்கா சொல்லுங்க மாமா" என்றாள். எனக்கு வரவில்லை.

அப்புறம் கம்பெனி கூப்பிட்டது, போய்விட்டார்கள். டி.வி. மறுபடி யாருக்கோ ஓடுகிறது. போன மாசம் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. அந்தக் கதையை மகனும் மருமகளும் விளையாட்டாகவே செய்து, பெட்டியில் போட்டு விற்கிறார்களாம். எங்கேயோ வெளியூரில் அடித்திருக்கிறார்கள். அச்சு சுமார்தான், அட்டையில் கனம் போதாது. முகத்துக்குப் பின்னால் நான் சொன்ன கலர்கள் அப்படியே இருக்கின்றன. காவல்காரன் சீட்டு மட்டும் ஒரு கட்டு. அதன் பின்பக்கம் இங்கிலீஷில் ஒரு வரி. அச்சகத்தில் பில் போடுகிற பெண் படித்துச் சொன்னாள். நான் சொன்ன வரி. பெட்டியின் பக்கவாட்டில் கதை சொன்னவர், படம் வரைந்தவர், கூட விளையாடின கூட்டாளிகள் எல்லார் பெயரும் இருக்கிறது. அவர்கள் வளர்க்கிற பூனைக்கும் நன்றி போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒங்க பேரக் காணமே அண்ணாச்சி" என்றாள்.

போனில் கேட்டேன். "அடுத்த தடவ அடிக்கும்போது பாக்கலாம்ப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்றான் மகன்.

படம் மருமகள் வரைந்தது, அதை நான் சொந்தம் கொண்டாடவில்லை. கலர் சொன்னது நான். தாள் நிறையக் காவல்காரனை அடித்தது நான், அது இல்லாவிட்டால் அந்தக் கோட்டையே கிடையாது. அந்த வரி என் வாயிலிருந்து வந்தது, சீட்டின் வாயிலிருந்து இல்லை. அதற்குக் கீழே என் பெயர் வர வேண்டும். பெரிய எழுத்து வேண்டாம், பூனைக்குப் போட்ட அளவு போதும். ஆனால் பெயர் போட்ட பெட்டியைக் கூரியரில் அனுப்பினால் கையெழுத்துப் போட்டு வாங்க மாட்டேன். மகனும் மருமகளும் நேரில் கொண்டுவந்து என் கையில் தர வேண்டும்.