சவரி அண்ணன் கக்கத்தில் இடுக்கிய பந்து

போன சனிக்கிழமை மகளின் கூடைப்பந்தாட்டம் பார்க்கப் போயிருந்தேன். மாற்று ஆட்டக்காரி புள்ளி எழுதும் மேசைக்கு வந்தாள், ஹோர்ன் அலறியது, நடுவர் கையசைத்தார், ஆள் மாறிவிட்டது. வாயில் போட்ட கச்சானை மென்று முடிக்கவில்லை நான். ஏமாற்றமாக இருந்தது. சிரிக்காதீர்கள், எங்கள் காலத்தில் ஆள் மாறுவது ஒரு சடங்கு.

சடங்கை நடத்தியவர் சவரி அண்ணன். பகலில் தபால் கந்தோர், பின்னேரம் விசில். மட்டக்களப்பு வாவிக்கரையில், மாதா கோயில் வளவுக்குள்தான் எங்கள் மைதானம். பந்து வெளியே போனாலோ பவுல் விழுந்தாலோ ஊதுவார். மணிக்கூடு நிற்கும். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். இனி உள்ளே வருபவன் தானே மேசைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். சட்டை உள்ளே, சப்பாத்து நாடா இறுக்கம், எல்லாம் பார்ப்பார். அவர் கை காட்டுமுன் கோட்டைத் தாண்டினால், திரும்பவும் முதலில் இருந்து. "சவரி பந்தைக் கக்கத்துல வெச்சா சோறாக்கித் திண்டுட்டு வரலாம்" என்பார்கள் பார்க்க வந்தவர்கள்.

அந்த மைதானத்தை நினைத்தால் வாவிச் சேற்று மணம் முதலில் வருகிறது. அந்த மணம் வந்தால் சுனாமியாய்க் கடல் வந்த நாளும் கூடவே வந்துவிடும். கடல் வந்துபோன பிறகு மாற்று ஆட்டக்காரர் குந்தியிருக்கும் எங்கள் வாங்கில் பாதிப்பேர் இல்லை. சவரி அண்ணன் அப்போதும் "மாத்த ஆள் இரிக்கா?" என்று கேட்பார். இல்லையென்று தெரிந்த நாளிலும் பந்தோடு நிற்பார். மூச்சு வாங்க நேரம் தருகிறார் மனுசன், எனக்கு அது விளங்கினால்தானே! பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

பிறகு துப்பாக்கியோடு வந்து பொடியன்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகிற காலம். யுத்தம் முடியப்போகிற வருடங்கள்தான், ஆனால் அது எங்களுக்குத் தெரியாதே. போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. யார், எதற்கு என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம், ஆட்டம் சூடாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஊதினார். நேரே என்னிடம் வந்தார். எனக்கு ஏழாம் இலக்கச் சட்டை.

"சட்டையில ரத்தம். வெளியில போ."

இரத்தம் கண்டால் ஆள் வெளியே போய்ச் சட்டை மாற்ற வேண்டும், அது சட்டம். குனிந்து பார்த்தேன். நான் குடித்த சிவப்புச் சோடா!

"அண்ணே, கண் தெரியாதா உங்களுக்கு? சோடா இது!"

"போ எண்டு சொன்னனான்."

நான் சும்மா போவேனா? ஊர் கேட்கக் கத்தினேன். அமைதியாக, வாய்க்கொழுப்புக்குத் தண்டனையாக, எனக்கொரு டெக்னிக்கல் பவுல் தந்தார்.

மேசையில் இருந்தவர் அவருடைய மனைவி றெஜினா அக்கா. சட்டை கழுவுவதுபோல என்னைக் கோயிலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"கத்தாத மனே. கேற்றடியில துவக்கோட நிக்கிறவங்க ஏழாம் நம்பர் ஆரெண்டு கேட்டவங்க. ஆட்டம் முடிய ஏத்தப் போறாங்க. கரையில தோணி நிக்கிது, ஓடு!"

என் கோபமெல்லாம் காலுக்குள் இறங்கி ஓட்டமாகிவிட்டது. தோணிக்காரர் துடுப்பு வலித்தார், நான் அடியில் படுத்துக்கிடந்தேன். மைதானத்தில் பந்து குத்தும் சத்தமே இல்லை. "ஏழாம் நம்பர் சட்டை மாத்திட்டு வருவான்!" என்று சவரி அண்ணன் கேற்றடிக்கும் கேட்கச் சொல்வது தண்ணீரில் வந்தது. மாற்றுக்காரனை நாடா கட்டச் சொல்லி, அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொல்லி, மேசையில் புள்ளியைச் சரிபார்த்து... நான் அக்கரையில் கால் வைத்த பிறகுதான் விசில் கேட்டது. என்ட மாதாவே, அந்த விசில்!

மலைநாட்டில் ஒரு கடையில் வேலை பார்த்து, யுத்தம் முடிந்து வந்ததும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனேன். கையைப் பிடித்து அழுதேன்.

"அடிச்சாங்களா அண்ணே?"

"கன்னத்துல ரெண்டு. அது கிடக்கட்டும். உன்ட டெக்னிக்கல் பவுல் மட்டும் சரியான தீர்ப்பு, மனே."

அழுகைக்குள் சிரித்துவிட்டேன். அடுத்த ஆட்டம் எப்போது ஊதுகிறீர்கள் என்று கேட்டேன். றெஜினா அக்காதான் சொன்னார், அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு அவர் விசிலைத் தொடவில்லை என்று.

"இல்லாத ரத்தத்துக்கு ஊதின நான்," என்றார் சவரி அண்ணன். "மறுகா எந்த மூஞ்சியோட ஊதுற?"

இப்போது அவர் இல்லை. மைதானம் இருந்த இடத்தில் வாகனங்கள் நிறுத்துகிறார்கள். கேற்றடியில் வந்து நிற்கிறவர்களும் இல்லை, அதற்கும் மாதாவுக்கு நன்றி. அவர் தெரிந்தே கொடுத்த ஒரேயொரு பிழையான தீர்ப்பில்தான் நான் பிள்ளைகுட்டியோடு உயிர் வாழ்கிறேன்.