நூலளவு கீற்றில் முப்பத்தாறு பேர்

காரைக்காலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவர் சலோமி அக்கா. எங்கள் தலத்தெருவில் அவரிடம் ஊசி குத்திக்கொள்ளாத ஆண்கள் குறைவு. ரத்ததான முகாமில் பார்த்த நானூறு பேரின் ரத்த வகைகளை வட்டமாக வரைந்து, வண்ணம் தீட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அதில் ஓ நெகட்டிவ் நூலளவு கீற்று. நூற்றுக்கு இரண்டு.

இந்த ஜனவரியில் கருக்களாச்சேரியைச் சேர்ந்த அமுதம் என்ற கர்ப்பிணிக்கு அந்த ரத்தம் தேவைப்பட்டது. ஐந்து நாளில் பிரசவ அறுவை சிகிச்சை. அதற்குள் இரண்டு பேர் கொடுத்தாக வேண்டும் என்றுவிட்டார் டாக்டர். முகாமில் கிடைத்த எட்டுப் பேரில் ஒருவரும் ஊரில் இல்லை. கூடத்தின் முதலாளி காஜா நஜ்முதீன், தஞ்சாவூரில் தேடலாம் என்றார். அக்கா சுவரைக் காட்டினார்.

"தலத்தெருவுல பெரியவங்க மூவாயிரம் பேரு. நூத்துக்கு ரெண்டுன்னா அறுவது பேரு இருக்காங்க பாய்."

"இருக்காங்க. நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா திரியிறாங்க?"

அக்கா தெருவின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். ஒரு மணி நேரத்தில் பதினோரு பேர் கை தூக்கினோம். ஷார்ஜா, தோஹா, கோலாலம்பூர். பாரிஸ் பக்கத்திலிருந்து நான். ரேஷன் கார்டில் எல்லோரும் இருக்கிறோம், தெருவில்தான் இல்லை. பாய் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

எங்களைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களை அக்கா மொத்தமாகக் கழித்தார். ஊரில் இருப்பது ஆயிரத்து எண்ணூறு. அதில் நூற்றுக்கு இரண்டு, முப்பத்தாறு. தமிழிலும் பிரெஞ்சிலும் படித்த எனக்கு இரண்டிலும் பயப்படத் தெரியும். போன் போட்டு, கணக்கு பொய்த்தால் அந்தப் பெண் கதி என்ன என்று கேட்டேன்.

"பாதி பொய்யின்னே வச்சுக்குங்க தம்பி. பதினெட்டு பேரு. எனக்கு ரெண்டு பேரு போதும். உங்க தங்கச்சிக்கு ரத்தம் பாத்திருக்கா?"

பார்த்ததில்லை. முகாமுக்குப் போனதெல்லாம் ஆண்கள்; எங்கள் வீட்டுப் பெண்கள் அங்கே போவதில்லை. கூடப்பிறந்தவர்களுக்கும் அதே ரத்தம் இருக்க வாய்ப்பு அதிகம் என்று, பதினோரு பேரிடமும் அதையே கேட்டிருக்கிறார்.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். இருபத்து மூன்று பெண்களைப் பார்த்ததில் நான்கு பேருக்கு ஓ நெகட்டிவ். அதில் ஒருத்தி என் தங்கை சுஹைனா. உம்மா தயங்கினார். "அக்கா கூட வர்றாங்கல்ல, அப்பறம் என்ன?" என்று சொல்லிவிட்டு சுஹைனா ரத்த வங்கிக்குக் கிளம்பிவிட்டாளாம். அந்த நால்வரில் இன்னொருத்தியான பக்கத்து வீட்டு ஷஃபீனாவும் கூடப் போனாள்.

அறுவை சிகிச்சையின்போது இரண்டு பை ரத்தமும் செலவானது. அமுதத்துக்குப் பெண் குழந்தை, தாயும் நலம்.

நான்கு பேர் கிடைத்துவிட்டார்கள். பாக்கி முப்பத்திரண்டு பேரை அக்கா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.