இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை நல்லவன்

தங்கையும் நானும் பள்ளி நாட்களில் போட்டி போட்டு வாசித்த ஒரு தொடர் நாவலில், நகரம் முழுவதையும் பட்டினி போட்டு ஆளும் கிழவன் ஒருவன் வருவான். அவன் பத்தொன்பது வயதில் எப்படி இருந்தான் என்பதைச் சொல்லும் முன்கதை இப்போது தனிப் புத்தகமாக வந்திருக்கிறது. தங்கை முதலில் வாசித்துவிட்டு என்னிடம் தந்தாள்.

"எந்தப் பக்கம் வரைக்கும் அவனை நல்லவன் எண்டு நம்பிறாய் எண்டு குறிச்சு வை, அக்கா. நான் நாப்பதிலையே பிடிச்சிட்டன்."

புவாண்ட்-கிளேருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்தேன். மென்பொருளில் பிழை தேடி, எண் போட்டு எழுதுவது என் தொழில். அந்தப் பழக்கத்தில், அவனை நான் மன்னித்த இடங்களைக் கடைசித் தாளில் பென்சிலால் வரிசைப்படுத்தினேன். ஒன்று, பசி. இரண்டு, தகப்பன் இல்லை. மூன்று, காதலிக்கு வரும் கடிதங்களை அவளுக்குத் தெரியாமல் பிரித்துப் படிக்கிறான், அவளைக் காப்பாற்றத்தானே. நான்கும் ஐந்தும் அதேதான். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், படித்த கடிதத்தைப் பழையபடி ஒட்டிவிட்டு, கைகழுவி வந்து அவளுக்குச் சூப் ஊற்றிக் கொடுக்கிறான். ஆறாம் எண்ணைப் போடாமல் புத்தகத்தை மூடினேன். இரண்டு நிறுத்தங்களுக்கு முன்பே இறங்கி நடந்தேன்.

எங்கள் வீட்டில் எல்லாருடைய கடவுச்சொற்களும் என்னிடம்தான். வங்கி, அரசாங்கப் படிவம், அப்பாவின் மருத்துவ அட்டை எல்லாவற்றையும் கணினி படித்த பிள்ளை பார்த்துக்கொள்ளும். தங்கை படிப்புக்காக சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் அறை எடுத்துத் தங்கியபோது, "அவளிலை ஒரு கண் வைச்சிரு பிள்ளை" என்றார் அம்மா. வெள்ளிக்கிழமைதோறும் நான் அவளுடைய மின்னஞ்சலைத் திறந்தேன். படித்து முடித்ததும் ஒவ்வொன்றையும் 'படிக்காதது' என்று மாற்றி வைத்தேன்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள்.

"சொல்லு, எத்தினையாம் பக்கம்?"

"இருநூத்திப் பன்ரெண்டு."

"ஐயோ! உன்னை நம்பியே கொம்பனி நடத்துறாங்கள்?"

அவள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். "நான் உன்ரை மெயில் எல்லாம் வாசிச்சனான். நீ அங்கை போன நாளிலையிருந்து."

"பகிடி விடாதை."

"ஃபிரெஞ்சிலை ஃபெயில் விட்டது. கொலிஜ் கவுன்சிலருக்கு எழுதினது. அந்தப் பெடியனுக்கு எழுதினது."

பட்டியலாகத்தான் சொன்னேன். எனக்கு வேறு விதமாகச் சொல்ல வரவில்லை.

"அம்மாட்டைச் சொன்னனியோ?"

"இல்லை. ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப ஆருக்காகப் பாத்தனி?"

அவள் மடிக்கணினியைத் திறந்து, திரையை எனக்கு மறுபக்கம் திருப்பி, கடவுச்சொல்லை மாற்றத் தொடங்கினாள். விசைகளின் சத்தம் கேட்டது. ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுகிறேன் என்று உறைத்ததும், எழுந்து அறையை விட்டு வெளியே போனேன்.